ஏ.எச்.ஐ. 38: மாஸ்க்கா, ஆபரேஷனா, ஊசியா? குழம்பிப்போய் இருக்கிறேன்

அமராவதிக்கரை | 6 ஜூலை 2025, இரவு 11:52

வணக்கம். இத்தனை நாள் படித்துவிட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தவன், இதுதான் முதல் பதிவு. ஊர் கரூர், வயது 47, ஜவுளி ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். உயரம் 168 செ.மீ., எடை 88 கிலோ, கழுத்துச் சுற்றளவு 43 செ.மீ. பிரஷருக்கு இரண்டு மாத்திரை, அப்படியும் கட்டுக்குள் வரவில்லை.

குறட்டை கல்யாணத்துக்கு முன்பிருந்தே உண்டு. வீட்டில் அது ஒரு கேலிப்பொருள், அவ்வளவுதான். போன மாதம் காலை ஆறரைக்குத் திருச்சிக்குக் கார் ஓட்டிப் போனபோது, குளித்தலைக்குக் கொஞ்சம் முன்னால் அசந்துவிட்டேன். புளியமரத்துக்கு ஓரடி முன்னால் வண்டி நின்றது. முந்தின இரவு எட்டு மணி நேரம் படுத்திருந்தவன் நான்.

அதற்கப்புறம்தான் மனைவி வாயைத் திறந்தாள். சத்தம் கேட்டால் அவளுக்குப் பயமில்லையாம். சத்தம் நின்றால்தான் எழுந்து உட்கார்ந்து எண்ணுவாளாம். ஒருநாள் முப்பத்தொன்றுவரை எண்ணிவிட்டுத் தோளைப் பிடித்து உலுக்கியிருக்கிறாள். நான் புரண்டு படுத்துத் தூங்கிவிட்டேனாம்.

வீட்டிலேயே கருவி மாட்டிச் செய்யும் ஸ்லீப் ஸ்டடி (தூக்கப் பரிசோதனை) எடுத்தோம். ஸ்லீப் அப்னியாவாம், அதாவது தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய். ஏ.எச்.ஐ. 38, அதாவது மணிக்கு அத்தனை தடவை மூச்சு தடைபடுகிறது. ரத்த ஆக்சிஜன் குறைந்தபட்சம் 74 சதவீதம். இப்போது மூன்று பேர் மூன்று சொல்கிறார்கள்:

நுரையீரல் டாக்டர்: சிபேப் மிஷின் (மாஸ்க் வழியாகக் காற்றை ஊதித் தொண்டையைத் திறந்து வைப்பது), வேறு பேச்சே வேண்டாம். விலை 42,000, மாஸ்க் தனி.
காது மூக்கு தொண்டை டாக்டர்: மூக்குத் தண்டு வளைந்திருக்கிறது, உள்நாக்கும் பெரிது, இரண்டையும் ஒரே ஆபரேஷனில் சரிசெய்யலாம். 1.4 லட்சம்.
மச்சான்: எடையைக் குறையுங்கள் மாமா, புது ஊசி வந்திருக்கிறது.

வாழ்நாள் முழுக்க முகத்தில் குழாயோடு படுப்பதை நினைத்தாலே மனசு ஒப்பவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


மூணாம்மாடி_மதுரை | 7 ஜூலை, காலை 6:10

அண்ணே, இந்தப் பஞ்சாயத்து முடிகிற வரைக்கும் காரை வேறு யாராவது ஓட்டட்டும். அது முதல் வேலை.

நான் ஆறு வருடமாக சிபேப் ஆள். ஆனால் முதல் ஏழு மாதம் என் மிஷின் பரண்மேல்தான் தூங்கியது. விற்றவர் கையில் இருந்த ஒரே மாஸ்க்கைத் தலையில் கட்டிவிட்டார், அது எனக்குச் சேரவில்லை, நான் மிஷினே சரியில்லை என்று முடிவுகட்டினேன். வேறு மாஸ்க் மாற்றிய அன்றைக்கு ஆறு மணி நேரம் தூங்கினேன். ஆகவே முதல் மாதம் வாடகைக்கு எடுங்கள். எங்கள் பக்கம் மாதம் 3,500 ரூபாய், முன்பணம் தனி. மாஸ்க்கை மூன்று ராத்திரியாவது போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

இன்னொன்று. ராத்திரி எத்தனை தடவை ஒன்றுக்குப் போகிறீர்கள்? எனக்கு நாலு தடவை. சர்க்கரையோ, புராஸ்டேட்டோ என்று அலைந்து டெஸ்ட் எல்லாம் எடுத்தேன். மிஷின் ஒழுங்காகப் போட்ட இரண்டாம் வாரம் நின்றுவிட்டது.


அமராவதிக்கரை | 7 ஜூலை, காலை 9:31

மூன்று தடவை! அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?


தறிச்சத்தம் | 7 ஜூலை, மதியம் 2:20

ஆபரேஷன் செய்துகொண்டவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஊர் ஈரோடு. 2014-ல் உள்நாக்கையும் மேலண்ணத்தின் ஓரத்தையும் வெட்டி எடுத்தார்கள், டான்சிலும் சேர்த்து. பத்து நாள் எச்சில் விழுங்கக் கண்ணீர் வந்தது. ரசம் சாதம் மூக்கு வழியாகத் திரும்பியதும் உண்டு, அது ஒரு மாதத்தில் சரியானது.

குறட்டை போயே போய்விட்டது. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். மறுபடி ஸ்லீப் ஸ்டடி எடுக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. 2019-ல் நெஞ்சுப் படபடப்பு என்று போனபோது ஒரு டாக்டர் சந்தேகப்பட்டு எடுக்கச் சொன்னார். ஏ.எச்.ஐ. 29. ஆபரேஷனுக்கு முன்னால் 41. அதாவது சத்தம்தான் போனது, மூச்சு நிற்பது போகவில்லை. சத்தம் இல்லாததால் எண்ணுவதற்குக்கூட ஆள் இல்லாமல் ஐந்து வருடம் ஓடியிருக்கிறது.

ஆபரேஷனே தப்பு என்று சொல்ல வரவில்லை. எனக்கு எங்கே அடைக்கிறது என்று பார்க்காமலே செய்தார்கள், அதுதான் என் வருத்தம்.


இயற்கைவழி | 7 ஜூலை, மாலை 5:02

இத்தனை செலவு எதற்கு? ராத்திரி மூக்கில் இரண்டு சொட்டு நெய், தினம் அரைமணி பிராணாயாமம், படுக்கும்போது வாயில் சின்ன டேப். மூக்கு வழியாக மூச்சு விட்டால் குறட்டையே வராது. மிஷின் எல்லாம் கம்பெனிக்காரன் வியாபாரம். 2016-ல் பெரிய ஆய்வு செய்து, சிபேப் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் மாரடைப்பில் வித்தியாசமே இல்லை என்று அவர்களே ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.


ராத்திரி_டியூட்டி | 8 ஜூலை, அதிகாலை 4:40

கோவையில் ஒரு ஸ்லீப் லேபில் டெக்னீஷியன். பதினோரு வருடமாக மற்றவர்கள் தூங்குவதைப் பார்ப்பதுதான் பிழைப்பு. டாக்டர் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பேஷன்ட் இப்போது நன்றாகத் தூங்குகிறார், அதனால் நீளமாக எழுத நேரம் இருக்கிறது.

இயற்கைவழி ஐயா, பிராணாயாமம் செய்யுங்கள், நல்லது. ஆனால் அமராவதிக்கரைக்கு மூக்குத் தண்டு வளைந்திருக்கிறது. மூக்கு அடைத்தவர் வாயில் டேப் ஒட்டுவது வாசலைப் பூட்டிவிட்டு ஜன்னலையும் சாத்துவது மாதிரி. தயவுசெய்து வேண்டாம்.

நீங்கள் சொல்லும் ஆய்வு உண்மைதான். ஏற்கெனவே இதய நோயோ மூளை ரத்தக்குழாய் நோயோ இருந்த 2,700 பேருக்கு மேல் சேர்த்துச் செய்தது. மாரடைப்பு, பக்கவாதம் குறையவில்லை என்பதும் உண்மை. ஆனால் அவர்கள் சராசரியாக ஒரு ராத்திரிக்கு 3.3 மணி நேரம்தான் மாஸ்க் போட்டிருந்தார்கள். பாதி ராத்திரிகூட இல்லை. அப்படியிருந்தும் பகல் தூக்கமும் மனச்சோர்வும் குறைந்தன. தவிர, பகலில் கண்ணைச் சொருகுகிறவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. குளித்தலைப் புளியமரத்துக்காரர் அதில் வரமாட்டார்.

இப்போது உங்கள் ரிப்போர்ட். ஏ.எச்.ஐ. என்பது ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை மூச்சு 10 நொடியோ அதற்கு மேலோ நின்றது அல்லது நன்றாகக் குறைந்தது என்ற கணக்கு. 5-க்குக் கீழே இயல்பு, 15 வரை லேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. நீங்கள் 38. வீட்டுக் கருவி தூக்கத்தை அளக்காது, ரிக்கார்டு ஓடிய மொத்த நேரத்தால் வகுக்கும். நீங்கள் ஒரு மணி நேரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாலும் அதையும் சேர்த்து வகுக்கும். ஆகவே நிஜ எண் இதைவிடக் கூடத்தான் இருக்கலாம்.

ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தைத் திருப்புங்கள். மல்லாந்து படுத்தபோது எத்தனை, ஒருக்களித்தபோது எத்தனை என்று தனித்தனியாக இருக்கும். யாரும் அதைப் படிப்பதில்லை, எனக்கு அதுதான் முதலில் கண்ணில் படும்.

ஒன்றுக்குப் போகும் சங்கதி: தொண்டை அடைத்த நிலையில் நெஞ்சு காற்றை இழுக்கப் போராடும்போது இதயத்துக்கு ரத்தம் கூடுதலாக வந்து அதன் அறை விரிகிறது. உடம்பில் தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று இதயம் ஏமாந்து ஒரு ஹார்மோனை விடும். சிறுநீரகம் அதற்குக் கட்டுப்பட்டுத் தண்ணீரை வெளியேற்றும்.

ஆபரேஷன் பற்றி. மூக்குத் தண்டை நிமிர்த்துவதால் மட்டும் ஏ.எச்.ஐ. பெரிதாக இறங்குவதில்லை. ஆனால் மாஸ்க் போடுவது சுலபமாகும், அந்த வகையில் லாபம். உள்நாக்கு விஷயத்தில் தறிச்சத்தம் சொன்னதுதான் கேள்வி: அடைப்பு எங்கே? மருந்து கொடுத்துத் தூங்கவைத்து, மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபி இருக்கிறது. நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிந்து அடைக்கிறது என்றால் உள்நாக்கை வெட்டி என்ன பயன்? அந்தச் சோதனை உண்டா என்று டாக்டரிடம் கேளுங்கள். இரண்டு தாடை எலும்பையும் முன்னுக்கு நகர்த்தும் பெரிய ஆபரேஷன் நன்றாகப் பலன் தரும், ஆனால் முக அமைப்பே மாறும், எல்லாருக்கும் அது தேவைப்படாது. நாக்கு நரம்பைத் தூண்டும் கருவியை அமெரிக்காவில் 2014-ல் அனுமதித்தார்கள். அந்த விலைக்கு நீங்கள் கரூரில் மனையே வாங்கலாம்.

பேஷன்ட் புரள்கிறார். அப்புறம் வருகிறேன்.


அலைவாய்க்கரையாள் | 8 ஜூலை, காலை 10:15

ஆம்பளைகளாகவே பேசுகிறீர்கள், ஒரு பெண் கணக்கும் இருக்கட்டும். எனக்கு 52 கிலோ எடை. குறட்டை லேசாகத்தான். காலையில் தலைவலி, நாள் முழுக்க அசதி, எதற்கெடுத்தாலும் எரிச்சல். ரத்தசோகை என்று இரும்பு மாத்திரை, தைராய்டு டெஸ்ட், அப்புறம் மனச்சோர்வு மாத்திரை என்று மூன்று வருடம். மாதவிடாய் நிற்கிற வயது, அப்படித்தான் இருக்கும் என்று ஒரு டாக்டர் முடித்துவிட்டார். அந்த வயதில்தான் பெண்களுக்கு இது கூடுகிறது என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஒல்லியானவளுக்கு ஸ்லீப் அப்னியா என்றால் யாரும் நம்பவில்லை. என் கீழ்த்தாடை சின்னது, உள்ளடங்கியது, அவ்வளவுதான் காரணம்.

ஏ.எச்.ஐ. 17. பல் டாக்டரிடம் அச்சு எடுத்துச் செய்த வாய்க்கருவி போடுகிறேன். மேல் பல், கீழ்ப் பல் இரண்டிலும் மாட்டினால் கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னால் பிடித்துக்கொள்ளும், நாக்கும் கூடவே முன்னால் வரும். முதல் மாதம் காலையில் இட்லி மெல்லக்கூட தாடை வலித்தது. இரண்டு வருடத்தில் பல் வரிசை கொஞ்சம் நகர்ந்திருக்கிறது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுகிறேன். கருவியோடு எடுத்த ஸ்டடியில் 6.

அண்ணா, உங்கள் 38-க்கும் 74-க்கும் இது முதல் மருந்தாக இருக்காது என்றுதான் எனக்கும் சொன்னார்கள். மாஸ்க்கே ஒத்துவரவில்லை என்றால் கேட்டுப் பாருங்கள். வெந்நீரில் போட்டுக் கடித்து வடிவம் எடுக்கும் ஆன்லைன் சரக்கில் காசை விடாதீர்கள்.


நூறுக்குக்கீழே | 8 ஜூலை, இரவு 9:48

ஊசிக்காரன் ஆஜர். டிர்செபடைட், கடையில் மவுன்ஜாரோ. இந்தியாவுக்கு 2025 மார்ச்சில்தான் வந்தது, நான் ஏப்ரலில் தொடங்கினேன். வாரம் ஒன்று. அப்போது 2.5 மி.கி. குப்பி 3,500, 5 மி.கி. 4,375. மாதம் நாலு என்று பெருக்கிக்கொள்ளுங்கள். 104-லிருந்து 96-க்கு வந்திருக்கிறேன். முதல் மூன்று வாரம் சோற்றைப் பார்த்தாலே குமட்டல், மலச்சிக்கல் இன்னும் இருக்கிறது.

அமெரிக்காவில் 2024 டிசம்பரில், உடல் பருமனோடு சேர்ந்த நடுத்தர, கடுமையான ஸ்லீப் அப்னியாவுக்கென்றே இதற்கு அனுமதி கொடுத்தார்கள். ஆய்வில் ஒரு வருடத்தில் ஏ.எச்.ஐ. சராசரியாக 25 முதல் 29 வரை குறைந்தது, மருந்தில்லாத போலி ஊசி போட்டவர்களுக்கு 5 சொச்சம். அவர்கள் எல்லாரும் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எத்தனை எடை என்ற கணக்கு) 30-க்கு மேல், சராசரி 39. அமராவதிக்கரை 31 வருகிறார், ஓரத்தில் நிற்கிறார்.

ஆனால் ஒரு வருடம் என்பதைக் கவனியுங்கள். அந்த ஒரு வருடம் ராத்திரிகளில் என்ன செய்வது? என் டாக்டர் மாஸ்க்கைக் கழற்றச் சொல்லவில்லை. எடை இறங்கியபின் மறுபடி ஸ்டடி எடுத்துத்தான் முடிவு.


ராத்திரி_டியூட்டி | 9 ஜூலை, அதிகாலை 3:15

சரியாகச் சொன்னார். கணக்கு ஒன்று போடுகிறேன். 2000-ல் வந்த அமெரிக்காவின் விஸ்கான்சின் ஆய்வு, எடை 10 சதவீதம் குறைந்தால் ஏ.எச்.ஐ. சுமார் 26 சதவீதம் குறையும் என்றது. அமராவதிக்கரை 88-லிருந்து 79-க்கு வந்தால் 38 என்பது 28 ஆகலாம். நல்ல முன்னேற்றம், ஆனாலும் நடுத்தரத்தின் உச்சி. எடையைக் குறைக்கத்தான் வேண்டும், அதை நம்பி இன்றைய ராத்திரியை விட முடியாது.

வியாபாரம் என்ற பேச்சுக்கு ஒரு கதை. சிபேப்பை உருவாக்கியவர் ஆஸ்திரேலிய டாக்டர் காலின் சல்லிவன். அதற்கு முன்னால் கடுமையான நோயாளிகளுக்குத் தொண்டையில் ஓட்டை போடுவதுதான் வழி. சிட்னியில் 1980-ல் அவர் வாக்குவம் கிளீனர் மோட்டாரைத் திருப்பி வைத்து, காற்றை உறிஞ்சாமல் ஊதவைத்து, மூக்கில் மாஸ்க்கைப் பசை போட்டு ஒட்டி ஒருவரைத் தூங்கவைத்தார். 1981-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். இன்றைய மிஷினும் அடிப்படையில் அதேதான். சைக்கிள் டியூபில் காற்று இருந்தால் ஒட்டிக்கொள்ளாது இல்லையா, அது மாதிரி தொண்டையைத் திறந்து வைத்திருக்கும் காற்றழுத்தம்.


மூணாம்மாடி_மதுரை | 9 ஜூலை, காலை 6:30

கரண்ட் போனால் என்ன என்று யாரும் கேட்கவில்லையே. மூச்சு முட்டாது. மாஸ்க்கில் காற்று வெளியேறும் துளைகள் உண்டு, முழுமுக மாஸ்க்கில் தனியாக வால்வும் உண்டு. காற்று நின்றதும் பெரும்பாலும் தானாகவே விழிப்பு வந்துவிடும். வீட்டு இன்வெர்ட்டரில் ராத்திரி முழுக்க ஓடும், காற்றுக்கு ஈரம் சேர்க்கும் சூடேற்றியை அணைத்துவிட்டால் கரண்ட் இன்னும் குறைவாகத்தான் இழுக்கும்.

இன்ஷூரன்ஸை நம்பாதீர்கள். வீட்டில் வைத்துப் பயன்படுத்தும் கருவி என்று பெரும்பாலான பாலிசிகளில் மிஷினுக்குத் தரமாட்டார்கள். மத்திய அரசு ஊழியர் என்றால் சி.ஜி.எச்.எஸ். என்ற மருத்துவத் திட்டத்தின் வழி இருக்கிறது.


இயற்கைவழி | 9 ஜூலை, காலை 8:05

டேப் விஷயத்தைத் திரும்பப் பெறுகிறேன், மூக்கு வளைவைக் கவனிக்கவில்லை. ஆனால் தொண்டைக்குப் பயிற்சி கொடுத்தால் பலனே இல்லை என்று சொல்லாதீர்கள்.


ராத்திரி_டியூட்டி | 10 ஜூலை, அதிகாலை 2:50

சொல்லவில்லை ஐயா. 2006-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் சுவிட்சர்லாந்து ஆய்வு ஒன்று வந்தது. ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் நீளக் குழல் வாத்தியம் டிஜெரிடூவை நாலு மாதம் வாசித்தவர்களுக்குப் பகல் தூக்கமும் ஏ.எச்.ஐ.யும் குறைந்தன. வெறும் 25 பேர், நடுத்தர அளவு நோய். நம் நாதஸ்வரக்காரர்களில் சிலர் மூச்சை இடைவிடாமல் சுழற்றி வாசிப்பதும் அதே வித்தைதான், அவர்களை வைத்து யாராவது ஆராயலாம். அமராவதிக்கரை நாதஸ்வரம் கற்பதாக இருந்தால் மாஸ்க் போட்டுக்கொண்டே கற்கட்டும்.


மட்டுறுத்துநர் | 10 ஜூலை, காலை 11:00

மிஷின் விற்பனை விளம்பரங்கள் இரண்டு நீக்கப்பட்டன.


அமராவதிக்கரை | 20 ஜூலை, இரவு 10:26

எல்லாருக்கும் நன்றி. இரண்டாம் பக்கத்தைப் பார்த்தேன். மல்லாந்து 52, ஒருக்களித்து 21. ஒருக்களித்துப் படுத்தாலும் தப்ப முடியாது போல. தொண்டை டாக்டரிடம் தூக்க எண்டோஸ்கோபி பற்றிக் கேட்டேன். கோபப்படுவார் என்று பயந்துகொண்டே போனேன், அவரோ திருச்சிக்கு எழுதிக் கொடுத்தார். நாக்கு அடியும் சேர்ந்து அடைக்கிறதாம். "அப்படியானால் உள்நாக்கு இப்போது வேண்டாம், மூக்கை மட்டும் பிறகு பார்ப்போம்" என்று அவரே சொல்லிவிட்டார்.

மிஷின் வாடகைக்கு வந்து ஐந்து நாள். முதல் ராத்திரி மூக்கு மாஸ்க். படுத்த பத்து நிமிடத்தில் உதட்டுக்கு மேலே புஸ்ஸென்று காற்று கசிந்து கண்ணில் அடித்தது. வாரை இறுக்க இறுக்க இன்னும் கசிந்தது. ஒரு மணிக்குக் கழற்றி எறிந்துவிட்டேன். இரண்டாம் நாள் மனைவி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "மீசை மேல உக்காந்திருக்குங்க, அதான்" என்றாள். பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். தலைக்குத் தேய்த்த தேங்காய் எண்ணெய் முகமெல்லாம் இறங்கி, மாஸ்க்கின் சிலிக்கோன் வழுக்கிக்கொண்டிருந்தது. இருபத்தைந்து வருடமாக வைத்திருக்கும் மீசை. என்ன செய்ய?


மூணாம்மாடி_மதுரை | 20 ஜூலை, இரவு 10:41

மீசையில் கை வைக்காதீர்கள் அண்ணே! முழுமுக மாஸ்க் கேளுங்கள். அது வாயையும் சேர்த்து மூடி, கீழுதட்டுக்குக் கீழே உட்காரும், மீசை உள்ளே போய்விடும். தாடிக்குத்தான் அது ஆகாது. எண்ணெய் காலையில் தேய்த்துக்கொள்ளலாம், ராத்திரி முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் படுங்கள். மாஸ்க்கைப் படுத்தபடி, காற்று ஓடும்போது சரிசெய்யுங்கள், உட்கார்ந்துகொண்டு இறுக்காதீர்கள்.


அலைவாய்க்கரையாள் | 21 ஜூலை, காலை 7:20

அண்ணா, பகலில் டிவி பார்க்கும்போது அரைமணி போட்டுப் பழகுங்கள். எங்கள் வீட்டுக்காரர் அப்படித்தான் பழகினார். அவருக்கும் உண்டு, ஜோடிப் பொருத்தம்.


அமராவதிக்கரை | 24 ஆகஸ்ட், மாலை 6:12

மிஷின் காட்டும் கணக்கு, கடைசி 30 நாள்: சராசரி 5 மணி 40 நிமிடம், மிச்ச ஏ.எச்.ஐ. 3.1. நாலு ராத்திரி போடவே இல்லை, மூன்று சளி, ஒன்று சோம்பேறித்தனம். வயிற்றில் காற்று ஏறி உப்புசம் இருந்தது, டாக்டர் அழுத்தத்தின் உச்சவரம்பைக் குறைத்ததும் பரவாயில்லை. எங்கள் ஊர்த் தண்ணீரை ஊற்றி ஈரப்பதத் தொட்டியில் வெள்ளையாக உப்புப் படிந்தது, இப்போது டிஸ்டில்டு வாட்டர்.

ஒன்றுக்கு ஒரு தடவை, சில நாள் அதுவும் இல்லை. பிரஷர் மாத்திரை இன்னும் இரண்டுதான், டாக்டர் அவசரப்படவில்லை. எடை 85. ஊசி இப்போதைக்கு இல்லை, பையன் காலேஜ் ஃபீஸ் முந்திக்கொண்டது. மூக்கு ஆபரேஷன் டிசம்பரில் பார்க்கலாம் என்று இருக்கிறேன். மிஷினைச் சொந்தமாக வாங்கிவிட்டேன். போன வாரம் காலையில் திருச்சிக்கு நானே ஓட்டிப் போனேன். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து வழியெல்லாம் என்னைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள்.

கடைக்காரர் தந்த மூக்கு மாஸ்க் ஒன்று, மீடியம் சைஸ், பிரிக்காமல் இருக்கிறது. திருப்பி எடுக்க மாட்டாராம். மீசை இல்லாதவர்கள் யாருக்காவது வேண்டுமா?


புதுவரவு_தஞ்சை | 24 ஆகஸ்ட், இரவு 8:37

நேற்றுதான் ரிப்போர்ட் வந்தது, 44. மாஸ்க் அளவு என்ன என்றே இன்னும் தெரியாது. ஆனால் மீசை இல்லை. அளந்து பார்த்துவிட்டுத் தனிமடல் போடுகிறேன், கூரியர் செலவு என்னுடையது.